தொற்று வேறு, தீட்டு வேறு

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய பெண்கள் உடல்நலக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்டவங்க கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் ஒரு வியாதியைப் பத்திப் பேசறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். வியாதியின் பெயர் ஹெர்ப்பிஸ். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்துச் சேர்ந்து வாழும்போது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு அது எப்படிப் போகிறது, போகாமல் இருக்க என்ன செய்யலாம், இதுதான் விஷயம். முன்வரிசையில ரெண்டு பேர் இப்பவே தலையைக் குனிஞ்சிட்டாங்க. பரவாயில்லை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர் முன்னால நானும் இப்படித்தான் குனிஞ்சேன். குனிஞ்சதுல என்ன நஷ்டம்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

நான் மருத்துவர் இல்லை. பட்டப்படிப்பு முடித்து வங்கியில் கிளார்க் வேலை. கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவள். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன். நானும் என் தோழியும் ஒன்பது வருஷமா ஒரே வீட்டில் வாழ்கிறோம். இங்க நான் சொல்லப்போற எல்லாத்தையும் அவள் சம்மதத்தோடுதான் சொல்றேன்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். பால்வினை நோய்களுக்கு நம்ம ஊரில் என்ன பெயர்? 'பொம்பளைச் சீக்கு.' பெண்ணுக்கு வருகிற சீக்கு என்று அதற்குப் பொருள் இல்லை, தோழர்களே. ஆணுக்குப் பெண்ணால் வருகிற சீக்கு என்று பொருள். பெயர் வைத்தவன் யாரென்று பெயரிலேயே தெரிகிறது. ஊர் சுத்தினவன் ஆம்பளை, சீக்கு பொம்பளையுது! இந்தப் பெயருக்குள்ளே இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ இடமே கிடையாது. ஆண் இல்லாத இடத்தில் உறவே இல்லை, உறவு இல்லாத இடத்தில் நோய் எங்கிருந்து வரும் என்பதுதான் நம் பொதுப்புத்தி.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். கண்டறிந்தவர்கள் சுனிதி சாலமன், நிர்மலா என்ற இரண்டு பெண்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் நடந்த அளவுக்குப் பிரச்சாரம் வேறெங்கும் அதிகம் நடந்திருக்காது. 2000களின் தொடக்கத்தில் சுவருக்குச் சுவர் புள்ளி ராஜாவைப் பார்த்துத்தான் எங்க தலைமுறை வளர்ந்தது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை சுவரிலும் ராஜா மட்டும்தான் இருந்தான். ரெண்டு ராணிகளுக்கு ஒரு செங்கல் அளவுக்குக்கூட இடம் இல்லை.

*

என் கதைக்கு வருகிறேன். 2020 டிசம்பர். கொரோனா முதல் அலை கொஞ்சம் அடங்கின நேரம். ஒரு வாரம் காய்ச்சல், உடம்புவலி. தொடை இடுக்குல நெறி கட்டியிருந்தது. ஒண்ணுக்குப் போனா உயிர் போற எரிச்சல். கொரோனான்னு டெஸ்ட் எடுத்தா இல்லைன்னு வந்தது. சூடுன்னு நெனச்சு இளநியும் வெந்தயமும் குடிச்சேன். அப்புறம் பார்த்தா சின்னச் சின்னக் கொப்புளம், உடைஞ்சு புண்ணாகுது. கவுண்டர் நாற்காலியில உட்கார முடியல.

ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "மேரேஜ் ஆயிடுச்சா?" இல்லைன்னேன். "அப்ப அந்த மாதிரி எதுவும் கிடையாதுல்ல?" நான் தலையைக் குனிஞ்சு 'இல்லை'ன்னு ஆட்டினேன். அவ்வளவுதான் பரிசோதனை. சிறுநீர்த் தொற்றுன்னு எழுதி ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. ரெண்டாவதா போன இடத்தில் 'டார்ச்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "ஹெர்ப்பிஸ் இருக்கும்மா. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா"ன்னாங்க. எங்க போய்க் கூட்டிட்டு வர்றது?

பொய் சொன்னதால் நோய் என்னவென்று பாதிதான் தெரிந்தது. துணையை எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு வார்த்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று என் தலையாட்டலே சொல்லிவிட்டதே. 'தொட்டால் பரவும்' என்ற ஒரே வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று ராத்திரி நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்பவும் கூச்சமாக இருக்கிறது. எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு துண்டு எடுத்துத் தனியாக வைத்தேன். பாயைச் சுவரோரம் போட்டுக்கொண்டேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ரெண்டு நாள் பார்த்தாள். மூணாம் நாள் காலையில ஜன்னல் திண்டுல கவுத்து வச்சிருந்த என் டம்ளரை எடுத்துக்கிட்டு வந்து முன்னால நின்னு கேட்டாள்: "என்னடி இது? நம்ம வீட்டுக்குள்ளயே டீக்கடை வச்சிட்டியா?"

எங்க தாத்தாவுக்கு எங்க ஊர் டீக்கடையில் கொட்டாங்குச்சி. எங்க அப்பாவுக்கு அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரையோரம் செருகி வைக்க வேண்டும். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தபோது அது பேப்பர் கப்பாக நாகரிகம் அடைந்துவிட்டது. மூன்று தலைமுறையாக எவனோ எங்களுக்குச் செய்ததை, அன்றைக்கு நான் எனக்கே செய்துகொண்டேன். எனக்கு அந்த ஒரு முறைதான் தெரிந்திருந்தது. தொட்டால் ஒட்டும் என்றதும் என் மூளை மருத்துவத்துக்குப் போகவில்லை, டீக்கடைக்குப் போனது.

*

சரி, அது என்ன நோய்? நம்ம ஊரில் அக்கி என்று சொல்வோம், குயவர் வீட்டில் போய்ச் செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். அது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ், அம்மை உண்டாக்கும் வைரஸ். நான் சொல்வது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரம் வரும். காய்ச்சல் வந்தால் உதட்டில் கொத்தாகக் கொப்புளம் வருதே, சூட்டுக் கொப்புளம்னு சொல்றோமே, அதேதான். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும். ஆனால் முதல் வகை உதட்டோடு நின்றுவிடாது. வாய் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேரிடம் முதல் வகை இருக்கிறது. நூற்றுக்கு 64 பேர். 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை. நூற்றுக்கு 13 பேர். இந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒழுக்கங்கெட்டவர்கள் 380 கோடியா?

ஒருமுறை உடம்பில் நுழைந்தால் நரம்பு முடிச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். முழுசாக வெளியேற்ற மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. முதல் தடவை கடுமையாக வரும், பிறகு வருவது லேசாக இருக்கும், வரவரக் குறையும். பலருக்கு வந்தது தெரியவே தெரியாது. ஆகவே 'எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. நேற்றுப் புண் வந்ததால் போன வாரம் துரோகம் நடந்தது என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது. இந்தச் சந்தேகத்தில் உடைந்துபோன உறவுகளை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டம்ளரால் பரவாது. தட்டு, துண்டு, போர்வை, கழிப்பறை, குளம், எதனாலும் பரவாது. தோலோடு தோலும், ஈரத்தோலோடு ஈரத்தோலும் நேராகப் படும்போதுதான் பரவும். நான் செய்த தீண்டாமை முழுக்க வீண். பாதுகாக்க வேண்டிய இடம் வேறு.

*

இப்போது அந்த இடத்துக்கு வருவோம். கூச்சப்படாமல் கேளுங்கள். குறிப்பெடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று. புண் இருக்கும்போது அந்த இடத்தோடு உறவு வேண்டாம். உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தமும் வேண்டாம், வாயால் கொஞ்சுவதும் வேண்டாம். கீழே புண் இருந்தால் வாய், விரல், உறுப்போடு உறுப்பு உரசுவது, எதுவும் வேண்டாம். புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் வரும்வரை பொறுக்க வேண்டும். புண் வருவதற்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, அரிப்பு, எரிச்சல், இடுப்பிலோ காலிலோ சுரீர் வலி தெரியும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். அதுவரைக்கும் கட்டிப்பிடித்துத் தூங்குவதை யாரும் தடுக்கவில்லை.

இரண்டு. புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை உள்ளவர்களில் புண் வந்து போகிறவர்களுக்கு ஐந்து நாளில் ஒரு நாளும், புண்ணே வராதவர்களுக்குப் பத்து நாளில் ஒரு நாளும் வைரஸ் வெளிப்பட்டது. ஆகவே 'இன்னைக்குப் புண் இல்லை' என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. இரண்டாம் வகை பெண்ணிடமிருந்து பெண்ணுக்குச் சுலபமாகப் பரவுவதில்லை, ஆனால் பரவும். முதல் வகை வாய்வழியாகப் பிறப்புறுப்புக்குப் போவதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதே இல்லை.

மூன்று. தடுப்பு. வாய்க்கும் உறுப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர்த் தாள். வெளிநாட்டில் தனியாக விற்கிறான். நம்ம ஊர் மெடிக்கலில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆணுறையே போதும். நுனியையும் விளிம்பு வளையத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் ஒரு வெட்டு. விரித்தால் தாள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்களுக்குச் செய்த பொருளை நாம் வெட்டி நமக்கு ஆக்கிக்கொள்கிறோம், கலகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்! ஒரு எச்சரிக்கை: அதோடு தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் வலுவிழந்து கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் சரி. ஒரே தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு பேருக்கும் பயன்படுத்தக் கூடாது. தாள் மூடாத தோலில் தொற்று இருக்கலாம். அதனால் இது அபாயத்தைக் குறைக்கும், துடைத்தெறியாது.

நான்கு. கை, கருவி. புண்ணைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கருவிகள் பயன்படுத்துகிறவர்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்தால் ஆள் மாறும்போது ஆணுறையும் மாற வேண்டும்.

ஐந்து. மாத்திரை. ஏசைக்ளோவிர் என்ற மருந்து ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ஆய்வுக்குழுவில் உருவானது. ஆய்வகத்தில் பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று சொல்லி அவருக்கு வேலை மறுத்தார்கள். டாக்டர் பட்டம் முடிக்காமலே 1988இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த மருந்தின் அடுத்த வடிவம் வாலாசைக்ளோவிர். இரண்டாம் வகை உள்ளவர் தினம் 500 மில்லிகிராம் சாப்பிட்டால் துணைக்குப் பரவுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 1484 ஜோடிகள், எட்டு மாதம். மாத்திரை இல்லாத பக்கம் துணைகளில் நூற்றுக்கு 3.6 பேருக்குத் தொற்றியது, மாத்திரை சாப்பிட்ட பக்கம் 1.9 பேருக்கு. 1484 ஜோடியும் ஆண்-பெண் ஜோடிதான். அங்கேயும் நமக்குச் சுவரில் இடமில்லை! ஆனாலும் மாத்திரை வைரஸைத்தான் அடக்குகிறது, துணை ஆணா பெண்ணா என்று பார்த்து வேலை செய்வதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆறு. பரிசோதனை. எனக்கு எடுத்த அந்த 'டார்ச்'சில் உள்ள ஐஜிஎம் சோதனையால் ஹெர்ப்பிஸுக்குப் பயனில்லை. புண் புதிதாக இருக்கும்போதே அதிலிருந்து துடைத்தெடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனைதான் நம்பகமானது, எந்த வகை என்றும் சொல்லும். வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி ரத்தச் சோதனை உண்டு, தொற்றி மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் அதை நம்பலாம். அப்போதும் சில நேரம் இல்லாததை இருப்பதாகக் காட்டும்.

ஏழு. இரண்டாம் வகை இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்கும் சோதித்துக்கொள்ளுங்கள். நம்மில் பலரைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். கர்ப்பமானால் மருத்துவரிடம் ஹெர்ப்பிஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. பழைய தொற்றில் ஆபத்து மிகக் குறைவு.

*

ஏழு மாதம் கழித்து எனக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அவளே பிடிவாதமாக அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வயதான மருத்துவர், ஆண்தான். புண்ணைப் பார்த்தார். எழுதிக்கொண்டே, நிமிராமல், 'பசிக்குதா' என்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: "துணை ஆணாம்மா, பெண்ணா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு கேள்வியில் ஒரு கதவு திறந்தது. "வெளியில நிக்கிறா சார்"ன்னேன். "உள்ள வரச்சொல்லு." இரண்டு பேரையும் உட்காரவைத்து இருபது நிமிஷம் பேசினார். மேலே நான் சொன்னதில் பாதி அவர் சொன்னது. நிறம் நிறமாக மருந்துப் பெட்டி வைத்திருக்கிறார்கள், ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு. ஏசைக்ளோவிர், ஏழு நாளைக்கு, இலவசம். துடைத்தெடுத்து வெளியே சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு முதல் வகை என்று வந்தது.

முதல் வகை. என் தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வந்தால் உதட்டோரம் சூட்டுக் கொப்புளம் வரும். அவளுடைய அத்தைக்கு இருந்தது, குழந்தையில் முத்தம் கொடுத்து வந்திருக்கும். அவளிடமிருந்து எனக்கு. ஏற்கெனவே அவள் உடம்பில் உள்ள அதே வகை என்பதால் என்னிடமிருந்து அவளுக்கு மறுபடி தொற்றுவது மிக அரிது என்றார் டாக்டர். அவளிடமிருந்து வந்ததை அவளுக்குப் பரவாமல் காக்கத்தான் நான் ஏழு மாதமாகச் சுவரோரம் படுத்திருந்தேன்!

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். "என்னாலதானடி உனக்கு." நான் சொன்னேன்: "உன் அத்தை முத்தம் குடுத்ததுக்கு உன்மேல கேஸ் போடவா?" சிரித்துவிட்டாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தொற்று என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு வழி இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது. எங்கே, எப்போது, எதனால் என்று கேட்கலாம், அதற்கு ஏற்றபடி தடுக்கலாம். சோப்புக்கு அடங்கும், மாத்திரைக்கு அடங்கும். அது எந்தத் தெருவில் பிறந்தாய் என்று கேட்பதில்லை. தீட்டுக்கு இதெல்லாம் கிடையாது. 1948இல் வந்த தீண்டப்படாதவர் பற்றிய நூலில் அம்பேத்கர் இந்த வித்தியாசத்தைத்தான் பிரித்துக் காட்டினார். பிறப்பு, சாவு என்று தற்காலிகமாக வந்து சடங்கில் கழிந்துபோகும் தீட்டு உலகின் பல சமூகங்களில் இருந்தது, பரம்பரையாக, நிரந்தரமாக ஒட்டவைத்த தீட்டு இந்துச் சமூகத்தின் சரக்கு என்றார். 2020இல் கொரோனா வந்தபோது 'அந்தக் காலத்திலேயே பெரியவங்க தள்ளி நிக்கச் சொன்னது சும்மாவா' என்று பேசினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொற்றைக் காட்டித் தீட்டை நியாயப்படுத்துகிற அந்த வித்தையை நாம் வீட்டுக்குள் விடக் கூடாது. அதேபோல, தீட்டு பொய் என்பதால் தொற்றும் பொய் என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. ரெண்டாவது தப்பையும் நம் தோழிகள் செய்கிறார்கள். 'நாம ரெண்டு பேரும் பொண்ணுங்கதானே, நமக்கு என்ன வரப்போகுது' என்கிறார்கள். வரும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நம் உறவு குற்றமில்லை என்றது. 2021இல் இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நம்மைப் போன்றவர்களை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சையைத் தடை செய்தது. ஆனாலும் புறநோயாளிச் சீட்டு எழுதுகிற மேசைக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அங்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நாம் நடத்துகிற மருத்துவ முகாம்களில் 'கல்யாணம் ஆச்சா' என்பதற்குப் பதிலாக 'துணை உண்டா, ஆணா பெண்ணா' என்று கேட்கச் சொல்லுங்கள். மருத்துவ மாணவர்கள் ரெண்டு பேர் இங்கே இருக்கிறீர்கள், அந்தக் கேள்வியை நிமிராமலே கேட்கப் பழகுங்கள். விடுதியில் இருக்கிற தோழிகள், உதட்டில் கொப்புளம் உள்ள நாளில் 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லப் பழகுங்கள், கேட்கிறவள் கோபப்படாமல் இருக்கப் பழகட்டும். புதிய உறவு தொடங்கும்போது, துணி களைவதற்கு முன்னாடி, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஒரே டம்ளரில் குடித்தாலும் தப்பில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் அந்த மாதிரியே சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் போட வேண்டாம். தெரிந்ததைச் சொல்கிறேன், மிச்சத்தை அந்த ரெண்டு மருத்துவ மாணவர்களிடம் தள்ளிவிடுகிறேன்.